நாவும் நோன்பும்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் 95ஆவதாக நிற்கிறது. இன்று நம் கையிலுள்ள வைப்பு முறைப்படி அதற்கு முன் நிற்பவை ‘கள்ளுண்ணாமை’யும் ‘சூது’ம் ஆகும். நோய் நீக்கம் பேசும் அதிகாரம் குடிக்கும் சூதாட்டத்துக்கும் அண்டை வீடாக அமைந்திருப்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. தீங்கென்று தெரிந்தும் மனிதன் விடமாட்டாத பொருள்களின் வரிசை அது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கள்ளை அறவே துறந்துவிடலாம். சூதாடும் களத்தை அணுகாமலே ஆயுளைக் கழித்துவிடலாம். உணவையோ எவரும் துறக்க இயலாது. நாள்தோறும் அதன் முன் அமர்ந்தாக வேண்டும். அமர்ந்தபின் அளவோடு எழவும் வேண்டும். அவ்வதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களில் ஆறு, முன் உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின், உடலுக்கு ஒத்ததை, அளவறிந்து உண்பதையே பேசுகின்றன. மருந்து என்று பெயரிட்டுவிட்டு உணவைப் பேசிய அந்த நுட்பமே நம் சிந்தனைக்குத் தொடக்கமாகட்டும்.

நெடுங்கால நலம் கருதி, ‘இனி இவ்வாறே உண்போம்’ என்று ஒருவர் உறுதி பூணுகிறார் எனக் கொள்வோம். அவ்வுறுதி எத்தகையது? அது அவரவர் உடம்பைப் பற்றிய தனிச்செய்தி மட்டும்தானா? அறத்தோடு அதற்கு உறவு உண்டா? உண்டெனின், அது யாருக்கு அளிக்கப்படும் வாக்கு?

இவ்வினாவைக் கராடியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் எழுப்புவதற்குத் தனிக் காரணம் உண்டு. புனே நகரின் கிழக்கே, முளா-முட்டா ஆற்றங்கரையில், ஒரு தலைமுறைக்கு முன் வயல் சூழ்ந்த சிற்றூராக இருந்த இடம் இது. இன்று தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களும் அடுக்கு மாடிகளும் நிறைந்து நிற்கிறது. நம்மவருள் பலர் பகல் முழுதும் கணினித் திரைமுன் அமர்ந்திருப்பவர்கள். அமெரிக்கக் கடிகாரத்துக்கு ஏற்ப இரவில் விழித்திருப்போரும் உண்டு. காலால் நடந்த தொலைவு குறைந்துவிட்டது. ஆனால் ஏர் பிடித்த பாட்டனார் உண்ட அளவு சோறு மட்டும் தட்டில் குறையவில்லை.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டு நிலவரப்படி 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவு உடையவர்கள் என்றும், மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாயிலில் நிற்கிறார்கள் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. சிற்றூர்களில் நூற்றுக்கு 9 பேர் எனின், நகரங்களில் 16 பேர். ஊரைவிட்டு நகரம் தேடி வந்த குடும்பத்துக்கு இக்கணக்கு வெறும் எண்ணாகத் தோன்றாது. சொந்த ஊரில் ஒருவர் நோயுற்றால் தாங்கிப் பிடிக்கப் பெரியப்பாவும் சித்தியும் பக்கத்துத் தெருவில் இருப்பர். இங்கே சம்பாதிக்கும் ஒருவர் படுத்துவிட்டால், வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் ஊரில் இருக்கும் பெற்றோரின் செலவும் ஒருசேரத் தள்ளாடும். ஆகவே நம் உடம்பு நமக்கு மட்டும் உரியதன்று. அதைச் சார்ந்து நிற்போர் அனைவருக்கும் அதில் பங்கு உண்டு. உண்ணும் முறை அறத்தின் எல்லைக்குள் வருவது இவ்வழியாகத்தான்.

இக்கருத்தை ஆழ்ந்து சிந்தித்த ஒருவர், நாம் நாள்தோறும் செல்லும் நகர் சாலையை ஒட்டியே சிறையிருந்தார் என்பது நம்மில் பலர் நினைவுகொள்ளாத செய்தி. 1930இல் எரவாடா சிறையிலிருந்து காந்தியடிகள் தம் ஆசிரமத்தாருக்கு வாரந்தோறும் கடிதம் எழுதினார். நாவடக்கம் பற்றி ஒன்றும், நோன்பின் தேவை பற்றி ஒன்றும் அவற்றுள் உண்டு. பின்னர் 1942 ஆகஸ்டில் அவர் ஆகாகான் மாளிகையில் காவலில் வைக்கப்பட்டார். உற்ற துணைவரான மகாதேவ தேசாய் அம்மாதம் 15ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அத்துயரத்துக்குப் பின் இரு வாரங்களுக்குள், உடல்நலத்துக்குத் திறவுகோல் என்னும் பொருள்பட ஒரு நூலை அவர் எழுதத் தொடங்கி, அவ்வாண்டு டிசம்பரில் முடித்தார். நாடே கொந்தளித்த காலத்தில், தேசத் தலைவர் ஒருவர் தானியத்தையும் கீரையையும் பாலையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். உடம்பு தொண்டுக்குரிய கருவி என்று கருதியவருக்கு அதில் முரண் ஏதும் தோன்றவில்லை.

நோன்பு பற்றிய கடிதத்தில் அவர் ஒரு சொல்லைக் குறிப்பாக எதிர்க்கிறார். ‘இயன்றவரை’ என்பதே அச்சொல். இயன்றவரை செய்வேன் என்று சொல்பவர், முதல் சோதனை வரும்போதே தோற்பதற்கு வழி திறந்து வைத்துவிட்டார் என்பது அவர் கருத்தின் சாரம். இதில் உண்மை இருக்கிறது. காலையில் உறுதி செய்பவர் ஒருவர். மாலையில் பசியோடும் களைப்போடும் வீடு திரும்புபவர் ஏறத்தாழ வேறொருவர். அறிந்தே எவரும் தவறு செய்யார் என்று சாக்ரடீஸ் வாதிட்டார். அரிஸ்டாட்டில் அதை அப்படியே ஏற்கவில்லை. ஆசையின் வேகத்தில் இருப்பவரிடம் உள்ள அறிவு, உறங்குபவரிடமும் குடித்தவரிடமும் உள்ள அறிவைப் போன்றது. இருந்தும் பயன்படாதது என்றார். காலையின் தெளிவு மாலையின் மயக்கத்துக்கு எழுதி வைக்கும் கடிதமே நோன்பு எனலாம்.

ஆயின், நோன்புக்கும் ஓர் இடர் உண்டு. பால் அருந்துவதில்லை என்று உறுதி பூண்டிருந்த காந்தியடிகள், 1918இல் தொடங்கிய கடும் நோயால் நலிந்தபோது, ஆட்டுப்பாலை ஏற்றார். உறுதி எடுத்த வேளையில் பசுவின் பாலும் எருமையின் பாலுமே மனத்தில் இருந்தன என்பது சமாதானம். சொல் காக்கப்பட்டது, அதன் உயிர் காக்கப்படவில்லை என்ற உறுத்தலை அவரே தம் வரலாற்றில் மறையாமல் எழுதினார். அத்துணை உறுதி படைத்தவருக்கே இந்நிலை எனின், நாம் கற்க வேண்டியது யாது? உறுதி சிறியதாக, தெளிவானதாக, பல்லாண்டு தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே. ஒரு வாரம் பட்டினி கிடந்து மறுவாரம் பழைய நிலைக்குத் திரும்புவது நோன்பாகாது.

சிறிய உறுதியால் பயன் விளையுமா என்னும் ஐயத்துக்குச் சென்னையே விடை தந்திருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கம்போல் விடப்பட்டவர்களுள் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் நோய்க்கு ஆளாயினர். உணவைத் திருத்தி நடையையும் கூட்டுமாறு தொடர்ந்து அறிவுறுத்தப்பட்டவர்களுள் அந்த எண்ணிக்கை 39. மாத்திரை மட்டும் தரப்பட்ட குழுவிலும் ஏறத்தாழ அதே அளவுதான். ‘மருந்து’ என்று தலைப்பிட்டு உணவைப் பேசிய அந்த அதிகாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான உரை வேறு வேண்டுமா? அதே வேளையில், முறையாக நடக்க முயன்றவர்களுள்ளும் 39 பேர் நோயுற்றனர் என்பதையும் மறத்தலாகாது.

இங்கேதான் ஒரு நுண்ணிய அறச்சிக்கல் எழுகிறது. நோயுற்றவரைக் கண்டதும், ‘வாயைக் கட்டவில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டார்’ என்று பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது நியாயமா? புனேயின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தம் இருவர் உடம்பையே சான்றாக வைத்தனர். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண் இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பிலுள்ள கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2 விழுக்காடு! யாக்னிக் குழுவினர் 1993 முதல் புனேயைச் சூழ்ந்த சிற்றூர்களில் தாய்மாரையும் சேய்களையும் ஆராய்ந்து வந்தவர்கள். அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடையிலும் தசையிலும் மெலிந்த அக்குழந்தைகளின் உடம்பில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை என்று கண்டனர். தலைமுறை தலைமுறையாகத் தாய்மார் அரைவயிறு உண்டதன் தடம் சேயின் உடம்பில் பதிந்திருக்கலாம் என்பது அவர்தம் கருத்து. அங்ஙனமாயின், நாற்பது வயதில் ஒருவருக்கு வரும் நோயின் ஒரு வேர் அவர் பிறக்கும் முன்பே ஊன்றப்பட்டுவிட்டது.

எனவே பழி வேறு, பொறுப்பு வேறு எனக் கொள்ளல் வேண்டும். பழி பின்னோக்கிப் பார்ப்பது, குற்றவாளியைத் தேடுவது. பொறுப்பு முன்னோக்கிப் பார்ப்பது. இனிச் செய்ய வேண்டியதைத் தேடுவது. நோயாளியைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை. நாளைய தலைமுறைக்கு நன்மை செய்யும் பொறுப்போ நம் அனைவருக்கும் உண்டு. அதே புனே ஆய்வு, கருவுற்ற காலத்தில் பாலும் கீரையும் பழமும் அடிக்கடி உண்ட தாய்மாரின் குழந்தைகள் பெரியனவாகப் பிறந்ததை 2001இல் எடுத்துக் காட்டியது. நம் வீடுகளில் அனைவருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய சோற்றையும் அடிக்குழம்பையும் இறுதியில் உண்பவர் யார் என்று ஒரு கணம் எண்ணுவோம். கறியும் கீரையும் தீர்ந்த பிறகு உண்பவரின் தட்டில்தான் குடும்பத்தின் எதிர்காலம் இருக்கிறது. அவர் கடைசியில் உண்பதைத் தியாகம் என்று போற்றிக்கொண்டு, மற்றவர் நலவாழ்வு பேசுவதில் பொருளில்லை.

அயலில் வாழும் நமக்கு மற்றுமொரு தயக்கம் உண்டு. மொழியும் மண்ணும் தொலைவிலிருக்கையில், ஊரோடு நம்மைப் பிணைப்பது உணவே. காலையில் இட்டிலி, நண்பகலில் சாம்பார் சோறு, இரவில் தோசை. இதில் கைவைத்தால் தமிழ்மையே குறைந்துவிடுமோ என்னும் அச்சம் இயல்பானது. ஆயினும் நம் நினைவு ஓர் ஏமாற்று வேலை செய்கிறது. கோவை, சேலம், தருமபுரி, இராமநாதபுரம் போன்ற வானம் பார்த்த பகுதிகளில், இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் பல வீடுகளில் அன்றாட உணவு கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் சோளச்சோறுமே. நெல்லுச்சோறு அங்குப் பண்டிகை நாளின் பேறு. பண்டிகை உணவை நினைவில் வைத்துக்கொண்டு அன்றாட உணவை மறந்துவிட்டோம். பின்பு பண்டிகையையே அன்றாடம் ஆக்கிக்கொண்டோம். சென்னை மக்களின் உணவை ஆராய்ந்தோர், உண்ணும் ஆற்றலில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய தானியத்திலிருந்தே, அதிலும் பெரும்பகுதி வெள்ளை அரிசியிலிருந்தே கிடைப்பதைக் கண்டனர்.

நாம் குடியேறிய மண்ணோ மறந்ததை நினைவூட்டக் காத்திருக்கிறது. மராட்டியர் ‘ஜ்வாரி’ என்பது நம் சோளம். ‘பாஜ்ரி’ நம் கம்பு. ‘நாச்சணி’ நம் கேழ்வரகு. பக்கத்து வீட்டு அம்மையார் தட்டும் பாக்ரியில் இருப்பது நம் பாட்டியார் கிண்டிய களியின் தானியமே. உணவை மாற்றுவது ஊரைத் துறப்பதாகாது. ஊரின் மறந்துபோன பக்கத்தை மீட்பதாகவும் அமையலாம். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் தித்திக்க வேண்டுமெனின், மற்ற நாள்கள் தித்திக்காமல் இருக்க வேண்டும். உணவு நோன்பு திருநாளின் பகையன்று. திருநாளைத் திருநாளாகக் காப்பதே அதுதான்.

விருந்தோம்பல் என்னாவது என்று கேட்கலாம். ‘போதும்’ என்று விருந்தினர் கை மறிப்பதும், கேளாதவர்போல் இன்னும் ஒரு கரண்டி இடுவதும் நம்மிடையே அன்பின் இலக்கணமாகிவிட்டன. விருந்தின் உயிர் முகமலர்ச்சியில் இருக்கிறது என்பதே நம் சான்றோர் கொள்கை. கரண்டியின் எண்ணிக்கையில் இருக்கிறது என்று அவர்கள் கூறவில்லை. முதன்முறை சொன்ன ‘போதும்’ என்னும் சொல்லை மதிப்பதும் அன்பே. ஒருவர் பூண்ட உறுதியை மற்றவர் வற்புறுத்திக் குலைப்பது, அவர் கொடுத்த வாக்கை நாம் முறிப்பதற்கு ஒப்பாகும். தனி மனிதரின் நோன்பு பெரும்பாலும் தோற்பது அவர் நாவினால் மட்டுமன்று. சுற்றியிருப்போரின் பரிவினாலும் தோற்கிறது.

ஆதலின் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவாகிறது. உண்ணும் முறையில் பூணும் உறுதி, ஒருவர் தம் நாவோடு தனியே நடத்தும் போராட்டம் என்று கருதப்படும்வரை அது நிலைக்காது. குடும்பம் கூடிக் குடும்பத்துக்கே தரும் வாக்காக அது அமைதல் வேண்டும். வீட்டுக்கு ஒரு சிறிய உறுதி போதும்: தட்டில் சோற்றைவிடக் காய்கறியும் பருப்பும் மிகுந்திருக்கட்டும், சமைத்தவரும் மற்றவரோடு ஒருசேர அமர்ந்து உண்ணட்டும், இனிப்பு திருநாளுக்கு உரியதாகட்டும். இவற்றுள் ஏதேனும் ஒன்றை, ‘இயன்றவரை’ என்னும் சொல்லைச் சேர்க்காமல் ஏற்போம். ஒருநாள் தவறினால் வருந்தி நிற்க வேண்டுவதில்லை. அடுத்த வேளையே மீண்டும் தொடங்கலாம். நாளுக்கு மூன்று முறை மறுவாய்ப்பு அளிக்கும் அறம் இதைப்போல் வேறொன்று இல்லை.

நம் சங்க விழாக்களிலும் அடுத்த பந்தி முதல் ‘போதும்’ என்ற சொல்லுக்கு இடம் தருவோம். பிழைப்புத் தேடி வந்த மண்ணில் நெடிது வாழ்வது நம் பிள்ளைகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன். அக்கடனை வங்கியில் செலுத்த இயலாது. நாள்தோறும் தட்டின் முன் அமர்ந்தே செலுத்த வேண்டும்.