கொல்லையில் மூன்று செடி

சட்டம் தடுக்காத செயல்கள் யாவும் செய்யத்தக்கவை ஆகிவிடுமோ என்னும் கேள்வி மிகப் பழமையானது. பொதுப்படக் கேட்டால், "ஆகா" என்று எவரும் தயங்காமல் விடை கூறிவிடுவர். ஆனால் அதே கேள்வி ஒரு மனிதனுடைய வீட்டுக் கொல்லையில், அவன் தன் கையால் நீர் வார்த்து வளர்த்த செடியின் உருவில் வந்து நிற்குமாயின், விடை அத்துணை எளிதாக வாய்ப்பதில்லை. அத்தகைய செடி ஒன்றைப் பற்றியே இன்று எழுதத் துணிந்தோம். அது கஞ்சாச் செடி.

பெயரைக் கேட்டவுடனே முகஞ் சுளிக்கும் நேயர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம். கஞ்சாவுக்காக வழக்காட நாம் வரவில்லை. நாம் வாழும் இவ்விரு நாடுகளிலும் சட்டத்தின் நிலை ஐயத்துக்கு இடமற்றது. மலேசியாவில் 1952-ம் வருஷத்து அபாயகர மருந்துச் சட்டத்தின்படி அச்செடியை வளர்ப்பது நெடுங்காலச் சிறையும் பிரம்படியும் விதிக்கத்தக்க பெருங்குற்றம். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேற்பட்ட கஞ்சாவைக் கடத்தியவனுக்கு மரண தண்டனை. அந்நாட்டுப் பிரஜை வேற்று நாட்டில் அதனை உட்கொண்டாலும் குற்றவாளியே. ஆதலின், இக்கட்டுரையைப் படித்துவிட்டு லயத்தின் பின்புறத்தில் பாத்தி வெட்ட எவரும் புறப்பட வேண்டா. நாம் ஆராயப் புகுவது, சட்டம் இடங்கொடுத்துள்ள வேறொரு நாட்டில் வாழும் மனிதனுடைய மனச்சாட்சியை. அவன் கொல்லையைப் பற்றி நமக்கென்ன என்பார்க்கு ஒரு சொல்: அவனை வருத்தும் அதே கேள்வி வேறு வேடம் பூண்டு நமது வாசலிலும் நிற்கிறது.

ஜெர்மனி தேசத்தை எடுத்துக்கொள்வோம். 2024-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி அங்கே ஒரு புதிய சட்டம் அமலுக்கு வந்தது. அதன்படி, 18 வயது நிரம்பி, அந்நாட்டில் ஆறு மாதமேனும் குடியிருப்பவர் எவரும், தமது வீட்டிலோ தோட்டத்திலோ ஒரே சமயத்தில் மூன்று கஞ்சாச் செடிகள் வரை வளர்க்கலாம். உலர்த்திய கஞ்சாவில் 50 கிராம் வரை வீட்டில் வைத்திருக்கலாம். ஆனால் விற்கலாகாது, விலையின்றியும் பிறருக்குக் கொடுக்கலாகாது. சிறுவர்க்கும் அயலார்க்கும் எட்டாதபடி செடிகளைக் காத்தல் வேண்டும். இவையே அச்சட்டத்தின் முக்கிய நிபந்தனைகள்.

உலகத்துச் சட்டங்கள் இவ்விஷயத்தில் ஒருமுகமாக இல்லை. உருகுவே 2013-ம் வருஷத்திலேயே பதிவு செய்துகொண்ட வீட்டுக்கு ஆறு செடி என்று அளவு வைத்தது. கனடா 2018-ல் வீட்டுக்கு நான்கு செடி என்றது. ஆனால் அதே கனடாவைச் சேர்ந்த கியூபெக் மாகாணம் ஒரு செடியும் கூடாதென்று தடுத்தது. அம்மாகாணத்துக்கு அவ்வதிகாரம் உண்டென்று அந்நாட்டு உச்சநீதிமன்றமும் 2023-ல் தீர்ப்பளித்தது. நமக்கு வடக்கே உள்ள தாய்லாந்து 2022-ம் வருஷம் ஜூன் மாதத்தில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலினின்றும் நீக்கி, வீடுகளுக்குப் பத்து லட்சம் கன்றுகளை வழங்கப்போவதாகவும் அறிவித்தது. மூன்றே வருஷங்களில், 2025-ம் வருஷம் ஜூன் மாதத்தில், மருத்துவர் சீட்டின்றி அதன் பூவை விற்கலாகாது என்று கட்டளை பிறப்பித்தது.

இவற்றிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? செடி ஒன்றே, அதன் குணமும் ஒன்றே. ஓர் எல்லைக்கல்லின் இப்பக்கம் அது தோட்டப்பயிர். அப்பக்கம் அது சிறைவாயில். சட்டம் மனிதர் கூடி வகுத்த ஏற்பாடு. காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப அது மாறும். மாறுவதால் அது மதிக்கத்தகாதது என்று நாம் கூறவில்லை. குடிகள் ஒருங்கே வாழ அது இன்றியமையாதது. ஆனால் தன் மனச்சாட்சியைக் கெஜட்டுப் பத்திரிகையோடு கட்டிப் போட்டவன், அப்பத்திரிகை புரளுந்தோறும் தானும் புரள வேண்டியவனாவான். சட்டத்தை மதிப்பது வேறு. நன்மை தீமைகளை ஆராயும் வேலையை முழுவதும் அதனிடமே ஒப்படைத்துவிடுவது வேறு.

செடி வளர்ப்பவனுடைய கட்சியை முதலில் நேர்மையாக எடுத்துக் கூறுவோம். "நான் வளர்ப்பதை நானே உட்கொள்கிறேன். வேலை முடிந்த மாலையில், என் வீட்டில், எவருக்கும் இடையூறின்றி இருக்கிறேன். சாராயம் அருந்துபவனைப்போல் தெருவில் விழுந்து கிடப்பதில்லை. உங்களுக்கென்ன?" என்கிறான் அவன். ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1859-ல் வெளியிட்ட சுதந்திரத்தைப் பற்றிய நூலில், பிறருக்குத் தீங்கு விளைவதைத் தடுக்கும் பொருட்டன்றி ஒருவன்மீது அதிகாரம் செலுத்தச் சமூகத்துக்கு உரிமையில்லை என்று வாதித்தார். அவனுடைய நன்மையைக் கருதியே தடுக்கிறோம் என்பது போதிய காரணமாகாது என்பதும் அவர் கருத்து. இந்தியாவில் ஆங்கில சர்க்கார் நியமித்த கஞ்சா விசாரணைக் கமிஷனும், ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, மிதமாக உட்கொள்வோர்க்குப் பெருந்தீங்கு விளைவதில்லை, மிதமிஞ்சியவர்க்கே கேடு என்று 1894-ல் அறிக்கை செய்தது. முற்றுந் தடுப்பதை அது ஆதரிக்கவில்லை. ஆகவே அவன் கட்சி எள்ளி நகையாடத்தக்கதன்று.

இனி, மறுபக்கத்தைப் பார்ப்போம். சட்டப்படி நடப்பதாலேயே ஒரு காரியம் தூயதாகிவிடாது என்பதை மலையகத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே சர்க்கார் அனுமதியோடு கள்ளுக்கடைகள் நடந்தன. காலையில் பெற்ற கூலி மாலையில் அக்கடைக்குச் சென்றது. நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் அபின் வியாபாரத்திலிருந்தே வந்தது. இவை யாவும் சட்டத்தின் நிழலில் நிகழ்ந்தவை. கெடாவில் 1946, 1947-ம் வருஷங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மூடக் கோரிக் கிளர்ந்தபோது, சட்டம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. கடையின் பக்கமே நின்றது. அறம் எப்பக்கம் நின்றது என்பதை இன்று யாவரும் அறிவர்.

ஆயினும் கள்ளுக்கடைக்கும் மூன்று செடிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டென்பதை மறைத்தல் நேர்மையன்று. கள்ளுக்கடையில் ஒருவன் விற்றான், ஒருவன் குடித்தான். குடிப்பவனுடைய தாகம் வளர வளர விற்பவனுடைய பெட்டி நிறைந்தது. பிறன் பலவீனம் தனக்கு இலாபம் என்னும் ஏற்பாடே அதன் நஞ்சு. ஜெர்மானியச் சட்டம் கொல்லையில் வளர்க்க அனுமதித்து விற்பனையைத் தடுத்ததன் மூலம் அந்நஞ்சை ஒருவாறு பிடுங்கிவிட்டது. அங்கே வளர்ப்பவன் மயங்கிக் கிடப்பதனால் கொழுப்பவன் எவனுமில்லை.

ஆனால், நேயர்களே, இங்கேதான் புதியதோர் அபாயம் புகுகிறது. கள்ளுக்கடைக்கேனும் திறக்கும் நேரமுண்டு, மூடும் நேரமுண்டு. கையில் காசில்லாதவனைக் கடைக்காரன் விரட்டுவான். வரம்பு மீறியவனைப் போலீஸ்காரன் பிடிப்பான். கொல்லையிலோ கடைக்காரனும் அவனே, குடிப்பவனும் அவனே, காவற்காரனும் அவனே. மூன்று வேலைகளும் ஒரே மனிதனிடம் வந்து சேர்கின்றன. முதலிரண்டையும் எவரும் கற்பிக்காமலே அவன் செய்துவிடுவான். மூன்றாவது வேலையைச் செய்வானா என்பதே முழுக் கேள்வியும்.

எண்ணிக்கையை நம்பி அவன் அமைதியுறவும் இயலாது. நாள்தோறும் மரங்களின் தொகையையும் பாலின் எடையையும் பேரேட்டில் பதிவது நமது தொழிலாதலால், மரத்தை எண்ணுவது எளிது, அது தருவதை அளவிட்டு நிறுத்துவது அரிது என்பதை நாம் அறிவோம். கஞ்சாச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. மயக்கந் தரும் பிசின் பெண் செடியின் பூவிலேயே மிகுதி. மகரந்தம் பட்டால் பூ விதைபிடித்துவிடுமாதலால், வளர்ப்பவன் ஆண் செடிகளைப் பார்த்துப் பிடுங்கி எறிவான். குளிர் தேசத்தில் மே மாதத்தில் பனி நீங்கியபின் வெளியில் நட்டால், கோடை கழிந்து பகல் குறுகத் தொடங்கும்போது பூத்து, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடைக்கு வரும். நல்ல மண்ணும் வெயிலும் வாய்த்தால் ஒரே செடி 50 கிராமுக்கு மேலும், சிலபோது அதன் பன்மடங்கும் தந்துவிடும். மூன்று செடியை அனுமதித்த சட்டம் 50 கிராமையே அனுமதிக்கிறது. மிகுந்ததை அழித்துவிட வேண்டும் என்பது விதி.

ஐந்து மாதம் நீர் வார்த்தவன், தன் கையாலேயே விளைவின் பெரும்பகுதியைக் குப்பையில் கொட்ட வேண்டும். பார்ப்பவர் எவருமிலர். ஒவ்வொரு வீட்டுக் கொல்லையையும் எட்டிப் பார்க்கப் போலீசாருக்குக் கண்ணில்லை. அந்த மாலையில், தராசுக்கும் குப்பைக் கூடைக்கும் இடையில் அவன் நிற்கும்போது, சட்டம் வெகு தூரத்தில் இருக்கிறது. அவனோடு நிற்பது அவன் மனம் ஒன்றே.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நம்மவர் வீட்டுக் கொல்லையில் முருங்கை காய்த்தால், முதற்பிடி அடுத்த வீட்டுக்குச் செல்லும். கறிவேப்பிலைக் கொத்து கேளாமலே வேலி தாண்டும். கொல்லை என்பதே கொடுப்பதற்காக ஏற்பட்டது என்று கூறினும் தகும். இச்செடியின் விளைவோ வேலி தாண்டலாகாது. நண்பனுக்கு ஒரு சிட்டிகை கொடுத்தாலும் குற்றம். ஈகை குற்றமாகும் இக்கொல்லையைச் சட்டமே எவ்வாறு கருதுகிறது என்பது இதனால் விளங்கும். "செய்துகொள்" என்று அது விட்டிருக்கிறதேயன்றி, "செய்க" என்று புகழ்ந்துரைக்கவில்லை. அனுமதி வேறு, பாராட்டு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வதே சட்டம் தளர்ந்த நாடுகளில் மனிதர் பெரிதும் வழுக்கி விழும் இடம்.

மேலும், வீடு ஒருவனுக்கு மட்டும் உரியதன்று. அங்கே மனைவியும் மக்களும் இருக்கலாம். மனித மூளை இருபத்தைந்து வயதளவும் வளர்ச்சி முற்றுவதில்லை என்றும், இளமையிலேயே தொடங்கியவர்க்கே இப்பழக்கம் கடுமையாகப் பற்றுகிறதென்றும் மருத்துவர் கூறுகின்றனர். உட்கொள்வோரில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகின்றனர் என்பது பெரிதும் ஒப்புக்கொள்ளப்பட்ட மதிப்பு. செடிக்குப் பூட்டுப் போடலாம். தகப்பன் ஒவ்வொரு மாலையும் எதை நாடிக் கொல்லைக்குச் செல்கிறான் என்பதைக் காணும் பிள்ளையின் கண்ணுக்குப் பூட்டுப் போட இயலுமோ? "எவருக்கும் இடையூறில்லை" என்று அவன் கூறும்போது அப்பிள்ளையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டானா என்று நாம் வினவக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆகவே நமது முடிபு இது. மூன்று செடி வளர்ப்பவனை, சட்டம் அனுமதித்த நாட்டில், கயவன் என்று நாம் கூறமாட்டோம். சட்டம் அனுமதித்துவிட்டதனால் அவனைக் குற்றமற்றவன் என்று வாழ்த்தவும் மாட்டோம். அவனிடம் ஒன்றே ஒன்று கேட்போம்: ஒரு கோடை முழுவதும் கொல்லையின் அம்மூலையை வெறுமையாக விட்டுவைக்க உன்னால் ஆகுமா? ஆகுமெனில், நீ வளர்த்தாலும் வளர்க்காவிட்டாலும் உன் சுதந்திரம் உன் கையிலேயே இருக்கிறது. ஆகாதெனில், சட்டம் உனக்களித்த சுதந்திரத்தை நீ ஏற்கெனவே செடியிடம் ஒப்படைத்துவிட்டாய். தன்னை அடிமையாக விற்றுக்கொள்ளும் உரிமையைச் சுதந்திரம் தராது என்று மில் கூறியதை, அவரையே துணைக்கழைக்கும் இவன் மறந்துவிடக் கூடாது.

இக்கேள்வியை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டு நாம் கைகழுவி உட்காரலாமா? நமது நாட்டிலும் சட்டம் விட்டுவைத்தவை பல உள்ளன. சிகரெட்டுப் பெட்டிக்குச் சட்டம் உண்டு; பீர்ப் போத்தலுக்கு உரிமம் உண்டு; நாலு நம்பர்ச் சீட்டுக்குக் கடை உண்டு. "கவர்ன்மெண்டே அனுமதித்திருக்கிறது, இதிலென்ன தவறு?" என்னும் சொல் தோட்டத்திலும் பட்டணத்திலும் நாள்தோறும் நமது காதில் விழுகிறது. அச்சொல்லைக் கூறுபவர், கஞ்சாவின் பெயரைக் கேட்டவுடன் முகஞ் சுளித்தவராகவும் இருக்கலாம். அவரை நாம் குற்றம் சாட்டவில்லை. சம்பள நாளிலிருந்து அடுத்த சம்பள நாள்வரை, ஒரே ஒரு மாதம், தமது கொல்லையின் அம்மூலையை வெறுமையாக விட்டுப் பார்க்குமாறு மட்டும் வேண்டுகிறோம். விடை அவருக்கே தெரிந்துவிடும்; வேறெவரிடமும் அதைக் கூற வேண்டியதில்லை.