யாருடைய வீடு?

முப்பது வருடங்களாக நான் என் மனைவியின் வீட்டில் குடியிருக்கிறேன். வெளியூர் நண்பர்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் முகத்தில் மெல்லிய இரக்கம் ஒன்று தோன்றும். 'வீட்டோடு மாப்பிள்ளை' என்ற சொல்லில் அவர்கள் காணும் இழிவு, காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ அக்கரைப்பற்றிலோ எவருக்கும் விளங்காது. இங்கே மாப்பிள்ளை என்றாலே பெண் வீட்டுக்கு வந்து குடியேறுகிறவன்தான்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் குடிமுறை தாய்வழிப்பட்டது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். பள்ளிவாசலில் மரைக்காயர்களைக்கூட நெடுங்காலம் குடிவாரியாகவே தெரிந்தார்கள். அயலிலுள்ள தமிழர்களிடமும் இம்முறை உண்டு. அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். நான் சொல்ல விரும்புவது இந்த முறை எங்கள் ஊர்களுக்குக் கொடுத்த உருவத்தைப் பற்றி.

மூத்த மகளுக்குக் கலியாணமானதும் இருக்கிற வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் வளவின் மூலையில் ஒரு சிறு வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். பிறகு அதுவும் அடுத்த மகளுக்குப் போகும். அரை ஏக்கர் வளவு இரண்டு தலைமுறையில் பத்துப் பேர்ச் துண்டுகளாகிவிடும். ஊர் நெருங்கிப் போனதற்கு நிலப் பற்றாக்குறை மட்டும் காரணமல்ல. மகளைத் தூரத்தில் விட மனமில்லாததும் காரணம். வேலிகளில் கடப்பு வைத்தார்கள். ராத்தாவும் தங்கச்சியும் தெருவுக்கு இறங்காமலே குசினிக்குக் குசினி போய்வந்தார்கள். ஒருத்தியின் வீட்டில் சத்தம் உயர்ந்தால் நாலு வீட்டில் பாத்திரம் கழுவுவது நின்றுவிடும்.

அந்த நாலு வீட்டுக் காதுகள்தான் என்னை வளர்த்தன என்பேன். வாசலில் கனைத்துவிட்டு உள்ளே வருவது, கோபத்தை முற்றத்திலேயே விட்டுவிடுவது எல்லாம் என் சுபாவத்தில் இருந்தவையல்ல. வாப்பாவுக்கு இருந்த முன்கோபம் எனக்கும் உண்டு. ஆனால் உறுதியில் என் பெயர் இல்லாத வீட்டில் அது கதவை அறையும் அளவுக்கு வளரவில்லை. பண்பு என்று நான் நினைத்திருந்ததில் பாதி, காணி உறுதியின் வேலையோ என்று இப்போது சந்தேகமாயிருக்கிறது.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. என் தங்கையின் வீட்டுக்காக நான் சவூதியில் ஐந்து வருடம் உழைத்தேன். நான் குடியிருக்கும் வீட்டுக்காக என் மச்சான் முப்பத்தாறு வயதுவரை கலியாணம் முடிக்காமல் இருந்தார். மணமகன் மஹர் கொடுக்க வேண்டிய மார்க்கத்தில், பெண்ணைப் பெற்றவன் வீடு கொடுத்து மாப்பிள்ளை எடுக்கிறான். உலமாக்கள் இதைக் கண்டிப்பதில் நியாயம் இருக்கிறது. சென்ற வருடம் என் இளைய மகன் நுஃமான் இப்னு பஷீர் அவர்களின் ஹதீஸை எனக்கு நினைவூட்டினான். ஒரு மகனுக்கு மட்டும் கொடுக்கப்பட்ட அன்பளிப்புக்குச் சாட்சியாக இருக்க நபி (ஸல்) அவர்கள் மறுத்த சம்பவம் அது. "ராத்தாவுக்கு ஊடு, எனக்கு என்ன வாப்பா?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

ஆனால் அந்த இடத்திலேயே நின்று இந்த வழக்கத்தை வீசியெறியவும் என்னால் முடியவில்லை. காரணம் ஒரு படிவம்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது, அருகருகே கட்டிக்கொண்ட சகோதரிகளின் வீடுகள் அருகருகாகவே போயின. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் கட்டக்கூடாதென்று முதலில் அறிவித்தார்கள். என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, உம்மா கொடுத்த சீதன வீட்டை இழந்தவள், ஊருக்கு உள்ளே கட்டப்பட்ட திட்டத்தில் வீடு கேட்டு விண்ணப்பித்தாள். படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம். அவளுக்காக அதை நிரப்பியவன் நான். யோசிக்காமல் அவளுடைய கணவனின் பெயரை எழுதினேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. கூடாரத்தில் இருந்தவர்களுக்குக் கூரைதான் முக்கியம். அந்த நாட்களில் எத்தனையோ வீடுகள் இப்படியே ஆண்களின் பெயருக்கு மாறின.

2010இல் அவன் தலாக் சொன்னான். எங்கள் ஊர் வழக்கப்படி அப்படியான நாளில் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியேறுகிறவன் ஆண். அன்று இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளியேறியவள் அவள். பக்கத்து வீடுகளில் அவளுக்கு ராத்தா இல்லை, தங்கச்சி இல்லை; குலுக்கலில் வந்த அயலவர்கள் இருந்தார்கள். எவரும் கடப்பால் ஓடி வரவில்லை. கடப்பே இருக்கவில்லை. இத்தாவில் இருக்கும் பெண்ணை நீங்கள் வாழும் இடத்திலேயே குடியமர்த்துங்கள் என்ற கருத்தில் சூரா அத்தலாக் பேசுவதை அவனுக்கு எடுத்துச் சொல்லவும் ஆளில்லை. நான் சொல்லியிருக்கலாம். படிவத்தை நிரப்பிய கை என்ற வெட்கத்தில் ஒதுங்கிக்கொண்டேன்.

இப்போது என் மகளுக்கு மாப்பிள்ளை பேசுகிறார்கள். பின் வளவில் அத்திவாரம் வெட்டியாயிற்று. இரண்டு அறை, ஒரு மண்டபம். மகன்களிடம் ஒரு சதமும் கேட்கவில்லை. எஞ்சிய துண்டை அவர்கள் இருவரின் பெயருக்கும் எழுத நொத்தாரிஸிடம் சொல்லியிருக்கிறேன். "ரெண்டு அறைக்கு எந்த மாப்பிள்ளை வருவான்?" என்று மனைவி மூன்று நாளாக என்னோடு கதைக்கவில்லை. வீடு அவளுடையது, கதைக்காமல் இருக்க அவளுக்கு உரிமையுண்டு. இளையவனும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று மேசன் மதிலுக்கு நூல் பிடித்துக்கொண்டு நின்றார். முழுவதும் அடைத்துவிடவா என்று கேட்டார். குசினிப் பக்கம் மூன்றடி விடச் சொன்னேன்.