பழுதில் பங்கு

பழுது நேர்ந்தபின், அதனைச் செய்தவர் யார் என வினவுதல் எளிது; அதற்குப் பொறுப்பாளர் யார் எனத் தெளிதலே அரிது. இவ்விரு வினாக்களும் ஒன்றே என நாம் பலகாலும் மயங்கிவிடுகிறோம்.

நமக்கு அறிமுகமான அன்பர் ஒருவர் நீரேற்றும் பம்புகளுக்குரிய கட்டுப்பாட்டுக் கருவிகளைச் செய்து விற்கும் சிறு பட்டறைக்காரர். புதிய கருவி ஒன்றுக்கு மின்சுற்றுப் பலகையை வரைந்து தருமாறு, வீட்டிலிருந்தே தனித்துத் தொழில் புரியும் இளைஞர் ஒருவரை அமர்த்தினார். வரைபடம் வந்தது, அன்பர் ஒப்புதல் அளித்தார், பத்து மாதிரிப் பலகைகள் செய்யப்பெற்றன. ஒன்றேனும் இயங்கவில்லை. இணைப்பான் ஒன்றின் கால்களைக் கீழ்ப்புறமிருந்து நோக்கி எண்ணிய படத்தை, மேற்புறமிருந்து எண்ணியதாகக் கொண்டு வரைந்ததால், இடம் வலமாக மாறியிருந்தது. அப்படத்தைக் கொடுத்தவர் அன்பரே, எப்புறத்துப் படம் என அவர் குறிக்கவில்லை, இளைஞரும் கேட்கவில்லை. கூலி தர அன்பருக்கு மனமில்லை. இளைஞருக்கோ அக்கூலியே அம்மாத வீட்டு வாடகை.

கோப்புகளோடு காலங்கழிக்கும் நம்போன்ற எழுத்தர்களுக்கு இவ்வழக்கு புதிதன்று. குறிப்பு எழுதியவர் ஒருவர். அதன்கீழ் ஒப்பமிட்டவர் மற்றொருவர். ஒப்பம் வெறும் அலங்காரமன்று. 'யானும் கண்டேன்' என்னும் வாக்குமூலம் அது. ஆயின், வேலை தெரியாமையாலன்றோ தெரிந்தவரை அமர்த்துகிறோம்? அவர் பிழையை நாம் ஏன் சுமப்பது? இவ்வினாவும் நியாயமானதே. தொழில் வல்லவன் ஐயம் எழவேண்டிய இடத்தில் கேளாதிருப்பது அவன் குறையே.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 73ஆம் பிரிவில், ஒப்பந்த மீறலால் இயல்பாக விளையும் இழப்புக்கே ஈடு கோரலாம் என்றும், தொலைவான இழப்புக்குக் கோரலாகாது என்றும் வரையறுக்கிறது. சட்டம் பணத்தைப் பங்கிடும். பழியைப் பங்கிடுவது மனச்சான்று. மாதிரி என்பதே பிழையைக் கண்டறிதற்காகச் செய்யப்படுவது. அதில் பிழை கண்டு வெகுளுதல், நோயைக் கண்டு சொன்ன மருத்துவரை வெகுளுதல் போன்றது.

1979 ஆகஸ்டு 10 அன்று சிறீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ஏவூர்தியின் முதற்பயணம் நோக்கம் நிறைவேறாது முடிந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். எனினும் செய்தியாளர்முன் பொறுப்பேற்றவர் நிறுவனத் தலைவர் சதீஷ் தவான். 1980 சூலை 18 அன்று வெற்றி கிட்டியபோது, செய்தியாளரைச் சந்திக்கக் கலாமையே அனுப்பினார். இதனைக் கலாம் பின்னாளில் பல மேடைகளில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். வெளியார்முன் பழியை ஏற்றதால் உள்ளே ஆய்வு நின்றுவிடவில்லை. பழுதின் காரணம் தேடித் திருத்தப்பட்டது. அமர்த்தியவர் கடமை இதுவே எனலாம்: ஊருக்குமுன் தாம் நிற்றல்; உள்ளே காரணம் காணல்.

ஆராயாது ஒருவரை நம்புதலும், நம்பியபின் அவரை ஐயுறுதலும் தீராத துன்பம் தரும் என்பது 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. நம் அன்பரும் இறுதியில் கூலியைக் கொடுத்தார். பலகைகளின் செலவையும் ஏற்றார். இளைஞர் மறுபடியும் கூலியின்றி வரைந்து தந்தார். இம்முறை இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒவ்வொரு காலையும் எண்ணிக் குறியிட்டனர். முதன்முறையே செய்திருக்க வேண்டிய வேலை அது. அதனைச் செய்யாமையில் இருவர்க்கும் பங்குண்டு.