பூச்செடிக்கு நீர் ஊற்றும் மரணம்

மூன்று எலும்புக்கூடுகள் தோட்டவேலை செய்துகொண்டிருக்கின்றன. கறுப்பு அங்கி அணிந்த தோட்டக்காரர்கள். மரப்பலகைகளின் மேல் தொட்டிச் செடிகள் வரிசையாக இருக்கின்றன. பூவாளியால் நீர் வார்க்கும் வேலை நடக்கிறது. முன்னால் நிற்கும் எலும்புக்கூடு பூத்த செடி ஒன்றை மார்போடு அணைத்துப் பிடித்திருக்கிறது. வெளியே கேட்கிற அவசரம் எதுவும் அந்த இடத்துக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

ஃபின்லாந்து ஓவியர் ஹூகோ சிம்பெர்க் 1896-இல் நீர்வண்ணத்தில் தீட்டிய ‘மரணத்தின் தோட்டம்’ இது. ஒரு சாண் அளவுகூட இல்லாத சிறிய தாள். ஹெல்சிங்கியில் உள்ள அதெனியம் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதைத் தீட்டியபோது சிம்பெர்க் அக்செலி கலேன் கல்லெலா என்ற மூத்த ஓவியரிடம் ருவோவெசி என்னும் காட்டுப்பகுதியில் தங்கிப் பயின்றுகொண்டிருந்தார். 22, 23 வயதுதான் இருக்கும். அந்த வயதில் மரணத்தை வரைய வருபவர்கள் பெரும்பாலும் அதன் கம்பீரத்தையோ பயங்கரத்தையோதான் வரைவார்கள். இவர் அதன் கையில் பூவாளியைக் கொடுத்தார்.

ஐரோப்பிய ஓவியத்தில் எலும்புக்கூட்டின் கையில் வழக்கமாக இருப்பது அரிவாள். நீண்ட பிடி வைத்த அரிவாளோடு வந்து விளைந்ததையும் விளையாததையும் ஒன்றாக அறுத்துச் சாய்க்கும். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள, புரூகல் என்ற ஓவியரின் ‘மரணத்தின் வெற்றி’யில் எலும்புக்கூடுகள் படையாகத் திரண்டு மனிதர்களை வேட்டையாடுகின்றன. ஹெல்சிங்கிக்கு நேர் எதிரே, வளைகுடாவின் மறுகரையில் இருக்கும் தாலின் நகரத்தில், பெர்ன்ட் நோட்கே வரைந்த மரண நடனத்தின் ஒரு பகுதி இன்னும் எஞ்சியிருக்கிறது. அதில் போப்பையும் அரசனையும் கைபிடித்து இழுத்துக்கொண்டு மரணம் ஆடுகிறது. நம் மனத்திலும் எருமை மேல் ஏறிப் பாசக்கயிற்றோடு வருபவன்தானே இருக்கிறான்? பெரும்பாலும் மரணத்தின் கையில் மனிதன் கொடுத்து வைத்தது பறிப்பதற்கான கருவியைத்தான்.

சிம்பெர்க் அந்தக் கருவியை எடுத்துவிட்டார். எலும்புக்கூட்டை மாற்றவில்லை. அழகிய தேவதையாகவோ அமைதியாக உறங்கும் இளைஞனாகவோ மரணத்தை ஆக்கிக் காட்டியிருக்கலாம். அப்படி வரைந்தவர்கள் உண்டு. அது பார்ப்பவருக்கு எளிதாகவும் இருந்திருக்கும். அவரோ மண்டையோட்டை மண்டையோடாகவே விட்டுவைத்தார். நாம் அஞ்சுகிற அதே உருவம்தான், செய்கிற வேலை வேறு.

மண்டையோட்டில் கனிவைக் காட்டுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். இமை இல்லை, உதடு இல்லை, சுருங்கவோ மலரவோ தசையில்லை. பல் தெரியும் அந்த முகம் எந்த நேரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே, அன்பு முழுவதும் அது நிற்கும் பாங்கிலும், கை செடியைச் சூழ்ந்திருக்கும் விதத்திலும்தான் தெரிந்தாக வேண்டும். தெரிகிறது. கைக்குழந்தையை முதன்முதலாக வாங்கிக்கொள்பவரின் தயக்கமும் கவனமும் அந்த எலும்பு விரல்களில் இருக்கின்றன. படத்தில் நான் அதிக நேரம் தங்கும் இடம் அதுதான். முகம் பேச முடியாதபோது கை பேசுகிறது.

தன் படங்களுக்குச் சிம்பெர்க் விளக்கம் சொல்வதில்லை. பார்ப்பவர் தாமே கண்டுகொள்ளட்டும் என்பது அவர் வழக்கம். இந்தப் படத்துக்கு மட்டும் ஒரு சிறு குறிப்பு விட்டுச்சென்றார்: இறந்தவர்கள் சொர்க்கத்துக்குப் போகும் முன் வந்துசேரும் இடம் இது என்று. அப்படியானால் அந்தச் செடிகள் உயிர்கள். சில, நாம் அறிந்த எந்தப் பூவையும் ஒத்திருக்கவில்லை. ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. எல்லாம் தொட்டியில் நிற்கின்றன, தரையில் வேரூன்றவில்லை. நாற்றங்காலில் நிற்கும் பயிர் அங்கேயே கதிர்விடுவதற்காக வளர்க்கப்படுவதில்லை. பிடுங்கி நட வேறொரு வயல் காத்திருக்கிறது. தொட்டியில் நிற்கும் இந்த உயிர்களும் அப்படித்தான். இது முடிவிடம் இல்லை என்பதைச் சொர்க்கத்தின் ஒரு கீற்றைக்கூடக் காட்டாமலேயே படம் சொல்லிவிடுகிறது.

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அன்றைய ஃபின்லாந்து மக்களில் மிகப் பெரும்பாலோர் லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள். மரணத்துக்கும் சொர்க்கத்துக்கும் நடுவே உயிர் தங்கித் தூய்மை பெறும் இடம் ஒன்று உண்டு என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. லுத்தர் வழிவந்தவர்கள் அதை ஏற்கவில்லை. சிம்பெர்க் இறையியல் வாதம் எதற்கும் போகாமல், அப்படி ஓர் இடைவெளியைத் தம் உள்ளம் கண்டபடி வரைந்துவிட்டார். பழைய நம்பிக்கையில் அந்த இடத்தில் இருந்தது நெருப்பு. இவர் படத்தில் நீர். உயிரைச் சுட்டுத் தூய்மையாக்குவதை அவரால் நினைக்க முடியவில்லை போலும். பிழைக்கத் தண்ணீர் வேண்டும், கொஞ்சம் கவனம் வேண்டும், அவ்வளவுதான். எடைபோடும் தராசும் கணக்கெழுதும் ஏடும் அந்தத் தோட்டத்தில் இல்லை. வாடிய செடிக்கு ஒரு நீதி, செழித்த செடிக்கு ஒரு நீதி என்று இல்லாமல் பராமரிப்பு நடக்கிறது.

மரணத்தின் கொடுமை அறியாத மென்மை இது என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் பிறந்தது 1873-இல். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1866 முதல் 1868 வரை, ஃபின்லாந்தைப் பெரும் பஞ்சம் தாக்கி மக்கள்தொகையில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினரைக் கொண்டுபோயிருந்தது. அவரைச் சுற்றி இருந்த பெரியவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தவர்கள். பின்பு அவருடைய முறையும் வந்தது. 1902-இல் கடும் நோயில் விழுந்து மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். மீண்டு வந்து 1903-இல் முடித்த படம்தான் ‘காயம்பட்ட தேவதை’. கண்ணை மறைத்துக் கட்டுப்போட்ட தேவதையை இரண்டு சிறுவர்கள் தூக்குப்படுக்கையில் சுமந்து போகிறார்கள்.

அதன் பிறகு தாம்பெரே நகரில் லார்ஸ் சோங்க் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பிய கல் ஆலயத்தில் சுவரோவியங்கள் தீட்டும் பணி அவருக்குக் கிடைத்தது. ஆலயம் 1907-இல் நிறைவுற்றது. சிம்பெர்க் அந்தச் சுவரில் மறுபடியும் வரையத் தேர்ந்துகொண்டவற்றில் ஒன்று மரணத்தின் தோட்டம். சாண் அளவுத் தாளில் இருந்தது, பெரிய சுவரோவியமாக வளர்ந்தது. என்னை மிகவும் அசைப்பது இந்தச் செய்திதான். இளமையில் கற்பனையாக மரணத்தை வரைந்தவர், அதன் வாசல்வரை போய்த் திரும்பிய பிறகு தம் படத்தைத் திருத்திக்கொள்ளவில்லை. தோட்டக்காரர்கள் தோட்டக்காரர்களாகவே இருந்தார்கள். செடியை அணைத்த கை அணைத்தபடியே இருந்தது. கண்டு வந்தவரின் சாட்சியாகவே இதை நான் கொள்கிறேன்.

அந்த ஆலயத்தில் இந்த ஓவியத்தோடு சேர்ந்திருப்பவையும் கவனிக்கத் தக்கவை. பலிபீடத்தின் பின்னால் மாக்னுஸ் எங்கெல் தீட்டிய உயிர்த்தெழுதல், இறந்தோர் எழுந்து நடக்கும் காட்சி. மேல்மாடத்தின் முகப்பு நெடுக, ஆடையற்ற பன்னிரண்டு சிறுவர்கள் ரோஜா மாலை ஒன்றைத் தோளில் சுமந்து போகிறார்கள். விதானத்தின் உச்சியில் வாயில் ஆப்பிள் கவ்விய பாம்பு. சிறுவர்களின் கோலமும் பாம்பும் அன்று பலரைக் கோபப்படுத்தின. வழிபட வந்து அமரும் ஒருவரைச் சுற்றிப் பாவமும், மாலையாகக் கனக்கும் வாழ்க்கையும், மரணமும், எழுச்சியும் ஒருசேர நிற்கின்றன. தனித்தனியே பார்த்தால் கலங்கவைக்கும் இவை சேர்ந்திருக்கும்போது மனம் அமைதி கொள்கிறது.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி இந்தப் படத்தின் முன் நின்றால் என்ன நினைப்பாள்? அணைத்துக்கொள்ள நீ யார், என் கையில் இருந்ததை ஏன் எடுத்தாய் என்று கேட்கலாம். அந்தக் கேள்வி நியாயமானது. படம் அதற்குப் பதில் சொல்ல முற்படவில்லை. பறிக்கும் கணத்தைச் சிம்பெர்க் வரையவே இல்லை. அது சரிதான் என்றும் எங்கும் சொல்லவில்லை. பறிக்கப்பட்டதற்குப் பிறகு என்ன என்பதை மட்டும் காட்டுகிறார்: எடுத்துச் செல்லப்பட்டது எறியப்படவில்லை, யாரோ அதைக் கையில் வைத்திருக்கிறார்கள். துக்கத்தில் இருப்பவரிடம் நாம் அவசரப்பட்டுச் சொல்லும் ஆறுதல் மொழிகள் பல பொய்யாகிப்போவது, இழப்பையே நியாயப்படுத்த முயல்வதால்தான். இந்தப் படம் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. ஆகவேதான் அதை நம்ப முடிகிறது.

சிம்பெர்க் 1917 ஜூலையில், 44 வயதில் இறந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஃபின்லாந்து விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டு, அதன் மிகக் கடுமையான சண்டை தாம்பெரேயில்தான் நடந்தது. அறுவடை முடிந்த அந்த ஊரில் உயிர் பிழைத்தவர்கள் ஆலயத்துக்குள் வந்தபோது, சுவரில் தோட்டக்காரர்கள் இருந்தார்கள்.

அவர் 1897-இல் வரைந்த இன்னொரு படத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெயர் ‘மரணம் கேட்கிறது’. ஓர் இளைஞன் வயலின் வாசிக்கிறான். பின்னால் கட்டிலில் ஒரு மூதாட்டி இறக்கும் தறுவாயில் கிடக்கிறாள். அழைத்துப்போக வந்த மரணம் இசையைக் கேட்டபடி காத்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் கட்டிலில் கிடப்பவர் ஒருவர் இருக்கலாம். நாளை பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருப்பதை இன்று அவர் அருகில் அமர்ந்து பேசுங்கள். அவருக்குப் பிடித்த பாட்டு தெரிந்திருந்தால் பாடுங்கள்.