தோளில் சுமப்பவர்

திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் காவிரி பிரிக்கிறது, பாலம் இணைக்கிறது. தென்கரையில் மலைக்கோட்டையும், அதன் அருகே லூர்து அன்னையின் ஆலயமும் நிற்கின்றன. வடகரையில் 1987-ஆம் ஆண்டு நிறைவுற்ற இராசகோபுரத்தோடு அரங்கன் கோவில் உயர்ந்து நிற்கிறது. இறைவனுக்குத் தொண்டு செய்வோரை ஒரு கரையில் ‘சாமி’ என்கிறோம். மறுகரையில் ‘சுவாமி’ என்கின்றனர். சொல் ஒன்றுதான். ஆனால் நம் நடுவே வாழும் குருவானவர் உண்மையில் யார் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

ஆலயம் கட்டுபவர், பள்ளியை நடத்துபவர், நன்கு மறையுரை ஆற்றுபவர், ஏழைகளுக்கு உதவி பெற்றுத் தருபவர் என்று நாம் விடை கூறுவோம். இவை யாவும் நற்பணிகளே. எனினும் இவற்றுள் பலவற்றைப் பொதுநிலையினரும் செய்ய இயலும். சில வேளைகளில் இன்னும் சிறப்பாகவே செய்கின்றனர். முதுமையில் படுத்த படுக்கையாகி, எப்பணியும் ஆற்ற இயலாத நிலையிலும் ஒருவர் குருவாகவே இருக்கிறார் என்று திருச்சபை கற்பிக்கிறது. அப்படியானால் குருத்துவத்தின் உயிர்நிலை செய்கின்ற பணிகளில் மட்டும் இல்லை. வேறு எங்கே இருக்கிறது?

மறுகரையில் வழங்கும் ஒரு பழைய வரலாறு இதற்கு ஒளி தருகிறது. உறையூரில் பாணர் குலத்தில் தோன்றிய திருப்பாணாழ்வார், கோவிலுக்குள் நுழைய உரிமையற்றவராய், காவிரியின் தென்கரையில் நின்று அரங்கனைப் பாடிக்கொண்டிருந்தார். இறைவனின் திருமுழுக்கிற்கு நீர் எடுக்க வந்த உலோகசாரங்கர் என்னும் அருச்சகர், விலகிப் போகுமாறு கூவினார். இசையில் தம்மை மறந்திருந்த பாணரின் செவியில் அது விழவில்லை. அருச்சகர் கல்லெறிந்தார், பாணரின் நெற்றியில் குருதி வடிந்தது. நீரோடு திரும்பியவர் கண்டதோ, இறைவனின் நெற்றியில் வடிந்த குருதியை! அன்றிரவு கனவில், “அவரை உன் தோளில் சுமந்து வா” என்ற கட்டளை பிறந்தது. மறுநாள் அருச்சகர் பாணரைத் தம் தோள்மேல் ஏற்றிக் கோவிலுக்குள் சென்றார். அதனால் பாணருக்கு ‘முனிவாகனர்’ என்ற பெயரும் வாய்த்தது என்பது வைணவ மரபு.

இந்த நிகழ்ச்சியில் நம் உள்ளத்தைத் தொடுவது எது? அருச்சகர் முந்திய நாளும் இறைபணியில்தான் இருந்தார். நீர்க்குடம் தூய்மையாக இருந்தது, சடங்கில் குறைவில்லை. ஆயினும் வெளியே நிறுத்தப்பட்ட மனிதரைத் தோளில் ஏற்றிய பொழுதுதான், தாம் யாருக்காக நீர் சுமந்தார் என்பதை அவர் உணர்ந்தார்.

திருவிவிலியமும் தோளைப் பற்றிப் பேசுகிறது. விடுதலைப் பயண நூலின் 28-ஆம் அதிகாரத்தில் ஆரோனின் திருவுடை விவரிக்கப்படுகிறது. இஸ்ரயேலின் பன்னிரு குலங்களின் பெயர்களும், கல்லுக்கு ஆறு பெயராக, இரண்டு கற்களில் பொறிக்கப்பட்டு, அவர் தோள்கள்மேல் வைக்கப்பட்டன. தலைமைக் குரு இறைவன் திருமுன் தனியாகச் செல்வதில்லை. மக்களைச் சுமந்துகொண்டே செல்கிறார். நம் ஆண்டவரோ ஆரோனின் குலத்தில் பிறந்தவரல்லர்; யூதாவின் வழிவந்தவர். பிறப்பால் வராத அவரது குருத்துவம், காணாமற்போன ஆட்டைத் தோளிலிட்ட ஆயனின் அன்பிலும், தோளில் சுமந்த சிலுவையிலும் விளங்கிற்று.

இன்றும் திருத்தொண்டர் ஓர் இடத்தோளில் அணியும் நீண்ட பட்டையைக் குருவானவர் இரு தோள்களிலும் விழ அணிகிறார். பீடத்தில் நின்று அவர் “என் உடல்” என்கிறபோது அந்த ‘என்’ அவருடையது அன்று, கிறிஸ்துவுடையது. கொடுப்பவர் கிறிஸ்துவே ஆதலால், பணியாளரின் தகுதியின்மை அருளடையாளத்தை அழிப்பதில்லை என்று புனித அகுஸ்தீனார் வாதிட்டார். திருநிலைப்பாட்டின் முத்திரை ஒரே நாளில் பதிகிறது. ஆனால் சுமக்கும் தோளைப் பெற ஒரு வாழ்நாள் வேண்டும்.

நம் மண்ணின் மறைப்பணி வரலாறு இங்கே நம்மைத் தலைகுனிய வைக்கிறது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, துறவுக் கோலம் பூண்டு, நம் மொழிகளைக் கற்று, அளவற்ற தியாகத்தோடு உழைத்தார். உயர்குலத்தாரிடையே உழைத்தவர் தாழ்த்தப்பட்டோரோடு வெளிப்படையாகப் பழக இயலாத நிலை அன்றிருந்தது. எனவே 1640-இல் பல்தசார் தா கோஸ்தா அடிகள் பண்டாரசாமியாகப் புறப்பட்டார். திருச்சியும் அந்தப் பணிக்களங்களுள் ஒன்று. எவரும் விடுபடக்கூடாது என்ற அன்பே அந்த ஏற்பாட்டைத் தோற்றுவித்தது. ஆயினும் ஒரே குருத்துவம் மக்களின் சாதிக்கேற்ப இரு கோலம் கொள்ள நேர்ந்ததே! மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரையும் சாதியால் பிரித்து எழுந்த சுவரை எண்ணும்பொழுது, பாணர்மீது விழுந்த கல் நம் கையிலும் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறோம்.

பழியைக் குருக்கள்மீது மட்டும் சுமத்தலாமா? பங்கிற்குப் புதிய குருவானவர் வருகிறார் என்றதும், அவர் செபிப்பவரா என்று கேட்குமுன், “எந்த ஊர்? யாருடைய ஆள்?” என்று உசாவுபவர்கள் நாம் அல்லவா? கிறிஸ்துவின் குருத்துவம் பிறப்பால் வந்ததன்று என்று அறிக்கையிடும் நாமே அவருடைய பணியாளரைப் பிறப்பால் அளக்கிறோம். ‘நம்மவர்’ என்று உரிமை கொண்டாடியே அவரைப் பிறரிடமிருந்து பிரித்துவிடுகிறோம். பிறகு அவர் எல்லாரையும் எப்படிச் சுமப்பார்?

1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தில், திருமுழுக்குப் பெற்ற அனைவரும் பொதுக் குருத்துவத்தில் பங்குபெறுகின்றனர் என்று கற்பித்தது. பணிக் குருத்துவம் அதனின்று படியால் மட்டுமன்று, இயல்பாலேயே வேறுபட்டது. எனினும் இரண்டும் ஒன்றுக்கொன்று இயைந்தவை. ஆகவே குருவானவருக்குத் தோள் வேண்டும் என்று கேட்கும் நமக்கும் தோள் வேண்டும். நம் கல்யாணப் பந்தியிலும் அன்பியக் கூட்டத்திலும் வெளியே நிற்பவரை உள்ளே அழைத்து வருவது நம் குருத்துவப் பணி. தனிமையில் தளரும் குருவானவரைத் தாங்குவதும் அதுவே.

அடுத்த ஞாயிறு குருவானவர் பீடத்தை நெருங்கும்பொழுது அவர் தோள்களை உற்றுநோக்குவோம். அங்கே நம் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அதன் அருகிலேயே, நாம் விலக்கி வைத்தவரின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெயரை அழிக்க நாம் முயலாதிருந்தால், அவர் குருவாயிருக்க நாமும் துணைநின்றவர்கள் ஆவோம்.