வீட்டுக் குறையை வெளியாரிடம் சொல்லலாமா?



வீட்டு விஷயம் வாசற்படியைத் தாண்டக்கூடாது என்று நம் பெரியோர் நமக்குக் கற்பித்தார்கள். நல்ல ஒழுக்கந்தான். கணவன் குறையைக் குழாயடியில் சொல்வதும், மகளின் குறையைக் கல்யாணப் பந்தியில் சொல்வதும் அழகன்று. ஆனால் அதே ஒழுக்கம் ஓர் உயிரைக் காப்பதற்குக் குறுக்கே நின்றால், அப்பொழுதும் அது புண்ணியமாகுமா?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். யாரையும் குறித்துச் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய குடும்பம். தகப்பனார் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறு வாரம் இரவு ஷிப்டு. சில மாதங்களாக அவருக்கு உறக்கமில்லை, பேச்சுமில்லை. "நான் இல்லாவிட்டால் நீங்கள் நிம்மதியாயிருப்பீர்கள்" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். மனைவி அழுகிறாள், ஆனால் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. ஏன்? கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோமே! மகளுக்கு வரன் பார்க்கும் வேளையில் அந்தச் சொல் தன் வீட்டின்மேல் விழுமே என்று அஞ்சுகிறாள்.

இங்கே இரண்டு காரியங்களைப் பிரித்தறிய வேண்டும். இரகசியம் காப்பது வேறு, நோயை ஒளிப்பது வேறு. இரகசியம் காப்பவர் பிறருடைய நன்மையை நாடுகிறார். நோயை ஒளிப்பவரோ தம் மானத்துக்காகப் பிறருடைய நன்மையைப் பலியிடுகிறார். ஒளித்து வைப்பதன் முடிவை நாம் அறியாதவர்களல்ல. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளருக்கென நடந்த ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். இதற்காக நாம் பிறரைக் குறைகூற வேண்டாம். நோயைப் பேயென்று சொல்லி நாள் கடத்தும் பழக்கம் நம் வீடுகளிலும் உண்டு.

"சாமியாரிடம் சொன்னால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். சொல்லுங்கள், கேட்பேன், உங்களோடு ஜெபிப்பேன். ஆனால் குருமடத்தில் நான் கற்றது தத்துவமும் வேதசாஸ்திரமும். மனநோய்க்குச் சிகிச்சை அன்று. காலொடிந்து வந்தவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் ஆசீர்வாதம் மட்டும் கொடுத்து அனுப்பினால், நீங்களே என்னைக் கடிந்துகொள்ள மாட்டீர்களா? நல்லெண்ணம் மட்டும் போதாது. பிறர் மனத்துக்குச் சிகிச்சை செய்பவர் பயிற்சி பெற்றவராகவும், தம் செயலுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகவும் இருக்க வேண்டும்.

ஆகையால் ஆலோசகர் என்று பலகை மாட்டிய எல்லாரையும் நம்பிவிடாதீர்கள். மனநல சமூகப் பணியாளர் யார் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வரையறுத்திருக்கிறது: சமூகப் பணியில் முதுகலைப் பட்டமும், அதன்மேல் நோயாளிகளிடையே பயிற்சியுடன் இரண்டாண்டு முழுநேரம் படித்த எம்.ஃபில். பட்டமும், அல்லது அரசு விதித்த வேறு தகுதியும் பெற்றவர். இவர்களைப் பதிவு செய்வது மாநில மனநல ஆணையத்தின் பொறுப்பு. "எங்கே படித்தீர்கள்? பதிவு செய்திருக்கிறீர்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவன்று, உங்கள் கடமை.

இவர் மருந்து எழுதமாட்டார். அது மருத்துவர் வேலை. ஆனால் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுவார். மருந்து நின்றுபோகாமல் கவனிப்பார். கடனா, குடியா, வேலைக் கவலையா, எது நோயை வளர்க்கிறதென்று ஆராய்வார். நோயாளியின் விவரங்களை வெளியிடாமல் காக்கும்படி சட்டமே அவரைக் கட்டுப்படுத்துகிறது. உயிருக்கு ஆபத்து முதலிய சில சமயங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. குழாயடிக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

இவரை எங்கே தேடுவது? 1996 முதல் நம் நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் நடந்து வருகிறது. மனநல மருத்துவர், மனோதத்துவ நிபுணர், சமூகப் பணியாளர் ஆகியோரைக் கொண்ட குழு என்பதே அதன் அமைப்பு. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனைகளிலோ, மனநலக் குழுவை எந்நாளில் பார்க்கலாம் என்று விசாரியுங்கள். நள்ளிரவில் பயம் பிடித்தால் விடியும்வரை காத்திராமல், டெலி மானஸ் எண்ணாகிய 14416-க்குப் பேசுங்கள்; கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். சாக விரும்புவதாகச் சொல்பவரை ஒரு நிமிஷமும் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டைவிட்டு அகற்றுங்கள். ஆபத்தென்றால் 108-ஐ அழையுங்கள்.

நல்ல சமாரியனின் உவமையை நாம் அடிக்கடி கேட்கிறோம். அடிபட்டவனின் காயங்களைக் கட்டியபின் அவன் என்ன செய்தான்? சத்திரத்துக்குக் கொண்டுபோய், சத்திரக்காரனிடம் ஒப்படைத்தான். பணமும் கொடுத்து, திரும்பி வருவதாகவும் சொன்னான். எல்லாவற்றையும் தானே செய்துவிட அவன் எண்ணவில்லை. தகுதியுள்ள கையில் ஒப்படைப்பது அன்பின் குறைவன்று. ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பாராமலிருப்பதே குறை.

அந்த மனைவி இன்றே வாசற்படியைத் தாண்டட்டும். அவள் திரும்பி வரும்போது, "எங்கே போய் வந்தாய்?" என்று தெருவிலிருந்து ஒருவரும் கேளாதிருப்போமாக.