விடுமுறைக்கு எங்கே?

பிரான்சின் தென்மேற்கே தோர்தோஞ் என்று ஒரு மாவட்டம். ஆறும் பழைய கல்வீடுகளுமான அழகிய நாட்டுப்புறம். ஓய்வு பெற்ற ஆங்கிலேயர்கள் பலர் அங்கே குடியேறியிருக்கிறார்கள். ஊரார் விடுமுறைக்கு வருகிற இடத்திலேயே குடியிருப்பவன் விடுமுறைக்கு எங்கே போவான்? வேடிக்கையான கேள்வி என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆகஸ்டில் எங்கும் பிரயாணிகள் கூட்டம். அப்போது வீட்டில் இருப்பதே சுகம். கூட்டம் கலைந்த பிறகு ஸ்பெயினுக்கோ போர்ச்சுகலுக்கோ போகலாம். அதற்கும் 2021 முதல் கணக்கு வந்துவிட்டது. பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகியதால், பிரான்சில் வசிக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தாலும், மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம்.

சரி, கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்ப் பேரக் குழந்தைகளைப் பார்த்துவிட்டு வருகிறார்களே, அது எந்தக் கணக்கு? பிறந்த நாட்டில் விருந்தாளி. திரும்பி வந்தால் கிராமத்தில் அந்நியர். அதை ஓய்வென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுகமான இடம் தேடுவது பாவமல்ல. ஆனால் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தால்தான் விடுமுறை. நாலு நாள் காணாவிட்டால் எந்த ஊரில் "எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்கிறார்களோ, அதுதான் வீடு. ரொட்டிக் கடைக்காரி அப்படிக் கேட்கும்படி ஒருவன் வாழ்ந்துவிட்டால், அவன் நாடு மாறியதில் குற்றமே இல்லை.